ஸ்க்ரால் லாக் விளக்கைத் தமிழுக்குக் கொடுங்கப்பா!

மக்களே, உங்க கீபோர்டுல வலது பக்கம் மேல மூணு குட்டி விளக்கு இருக்கா, பாருங்க. நம் லாக், கேப்ஸ் லாக், ஸ்க்ரால் லாக். ('நம்' லாக்னு பேர் இருக்கே ஒழிய அது நம்மளோடது இல்லைங்க, எண்களோடது!) இதுல மூணாவது விளக்கு கடைசியா எப்ப எரிஞ்சதுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? எனக்குத் தெரிஞ்சு ஆபீஸ்ல கணக்கு பார்க்கிறவங்க மட்டும்தான் அதை அப்பப்ப எரிய விடுவாங்க. எக்ஸெல்ல அம்புக்குறியை அமுக்கினா செல் நகராம மொத்த ஷீட்டும் நகரும். உடனே "வைரஸ் வந்துருச்சு"ன்னு பொட்டி தட்டுற நம்மளைக் கூப்பிடுவாங்க. நாமளும் பெரிய வித்தை காட்டுற மாதிரி ஸ்க்ரால் லாக்கை ஒரு தடவை தட்டிட்டு, டீ வாங்கிக் குடிச்சுட்டு வருவோம்.

மத்தபடி அந்த விளக்குக்கு வேலையே கிடையாது. வருஷக்கணக்கா சும்மா உட்கார்ந்திருக்கு. அதனால என்னோட கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான்: அந்த விளக்கைத் தமிழுக்கு ஒதுக்கணும். தமிழ்ல தட்டும்போது எரியணும், ஆங்கிலத்துக்கு மாறினா அணையணும். அவ்ளோதான் மேட்டர்.

"இதுக்கெல்லாம் ஒரு பதிவாடா?"ன்னு கேட்கிறவங்க, ஆங்கில மோடுல இருக்கிறது தெரியாம பத்து வரி தட்டிட்டு நிமிர்ந்து பார்த்தவங்களா இருந்தா கேட்டிருக்க மாட்டாங்க :-)

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். கேப்ஸ் லாக் கீயை அமுக்கினா அந்த விளக்கு எரியுதுன்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்கோம். சுவிட்சைப் போட்டா பல்பு எரியற மாதிரி. உண்மை அது இல்லை. கீயை அமுக்கினதும் கீபோர்டு "இந்த கீயை அமுக்கிட்டாங்க"ன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதோட அதன் வேலை முடிஞ்சது. கம்ப்யூட்டர்தான் யோசிச்சு, "சரி, கேப்ஸ் லாக் ஆன். அந்த விளக்கைப் போடு"ன்னு கீபோர்டுக்குத் திரும்ப உத்தரவு போடும். கம்ப்யூட்டர் தொங்கிப் போச்சுன்னா கேப்ஸ் லாக்கை எத்தனை தடவை தட்டினாலும் விளக்கு அசையாது. மிஷின் உயிரோட இருக்கான்னு பார்க்க நாம கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்க்கிறது இதனாலதான்.

1981ல வந்த ஐபிஎம் பிசியோட கீபோர்டுல இந்த விளக்குகளே கிடையாது. கேப்ஸ் லாக் ஆனா ஆஃபான்னு தட்டிப் பார்த்துதான் தெரிஞ்சுக்கணும். 1984ல பிசி ஏடி வந்தபோதுதான் மூணு விளக்கும் வந்துச்சு. கம்ப்யூட்டர்ல இருந்து கீபோர்டுக்கும் செய்தி அனுப்ப முடியும்ங்கிற ஏற்பாடு அதுல வந்ததாலதான் இது சாத்தியமாச்சு. அதுக்கான மொழியும் ரொம்ப சுலபம். ஹெக்ஸால 'ஈடி'ன்னு ஒரு பைட் அனுப்பணும். கீபோர்டு "சொல்லுங்க"ன்னு பதில் கொடுக்கும். அடுத்து ஒரு எண். ஸ்க்ரால் லாக்குக்கு 1, நம் லாக்குக்கு 2, கேப்ஸ் லாக்குக்கு 4. எது எது எரியணுமோ அதைக் கூட்டி அனுப்ப வேண்டியதுதான். மூணும் எரியணும்னா 7.

ஆக, அந்த விளக்கு கீயோட சொத்து கிடையாது, கம்ப்யூட்டரோட சொத்து. கம்ப்யூட்டர் யாரோடது? நம்மளோடது. அப்ப விளக்கு எதைச் சொல்லணும்னு முடிவு பண்ற உரிமையும் நம்மளோடதுதானே?

லினக்ஸ்காரங்க இதை ரொம்ப நாளாவே புரிஞ்சு வெச்சிருக்காங்க. 'செட்லெட்ஸ்'னு ஒரு குட்டிக் கட்டளை இருக்கு. கருப்புத் திரை கன்சோல்ல 'செட்லெட்ஸ், ஹைஃபன் பெரிய எல், பிளஸ் ஸ்க்ரால்'னு தட்டினா, ஸ்க்ரால் லாக் ஆகாமலே விளக்கு மட்டும் எரியும். நிலை வேற, விளக்கு வேறன்னு பிரிச்சுக் கொடுக்கிற கட்டளை இது. டெபியன்ல புது மெயில் வந்தா விளக்கு போட ஒரு நிரல், நெட்ல டேட்டா வரப்போ ஒண்ணும் போறப்போ ஒண்ணும் கண் சிமிட்ட ஒரு நிரல்னு விதவிதமா எழுதி வெச்சிருந்தாங்க. கெர்னலே மண்டையைப் போட்டுருச்சுன்னா விளக்குகள் விட்டு விட்டு எரியும், மானிட்டர் இல்லாத சர்வர்லயும் கண்டுபிடிச்சுடலாம். 2002ல ஒரு மகானுபாவர், செத்துப் போன கெர்னல் தன்னோட கடைசி வார்த்தையை மோர்ஸ் தந்தி பாஷையில விளக்கு மூலமா சொல்ற மாதிரி ஒரு பேட்ச்சே எழுதினார். அதுக்கு முன்னாடியே 1999ல வந்த 'கிரிப்டோநாமிக்கான்' நாவல்ல நீல் ஸ்டீஃபன்சன் இதே வித்தையை வெச்சிருந்தார். ஜெயில்ல இருக்கிற ஹீரோ, திரையை வேவு பார்க்கிறவனுக்குத் தெரியாம கீபோர்டு விளக்கு வழியா மோர்ஸ்ல சேதி படிப்பான்.

மெயிலுக்கு விளக்கு போட்டாச்சு, நெட்டுக்குப் போட்டாச்சு, சாவு சேதிக்கும் போட்டாச்சு. மொழிக்கு?

மொழிக்கும் போட்டிருக்காங்க மக்களே, ஆனா நமக்கு இல்லை. யுஎஸ்பி கீபோர்டுக்கான விதிமுறையில விளக்குகளுக்கு ஒரு பைட் ஒதுக்கியிருக்கு. நம் லாக், கேப்ஸ் லாக், ஸ்க்ரால் லாக், கம்போஸ், அஞ்சாவதா கானா. உடனே சென்னை கானா பாட்டுன்னு குஷியாயிடாதீங்க :-) இது ஜப்பானிய எழுத்து வகை. அவங்க எழுத்துல தட்டுறப்போ எரியறதுக்குன்னே அந்தத் தர நிர்ணயத்துலயே ஒரு பிட். எனக்கு அவங்க மேல பொறாமை எல்லாம் இல்லை. மொழி மாத்தித் தட்டுறவனுக்கு விளக்கு அவசியம்னு உலகம் ஒத்துக்கிட்ட விஷயம்தான் இதுன்னு சொல்ல வர்றேன். நான் புதுசா எதையும் கிளப்பலை.

இதோட அருமை தெரியணும்னா பழைய டைப்ரைட்டரை நினைச்சுப் பாருங்க. அதுல ஷிஃப்ட் லாக்னு ஒண்ணு உண்டு. அமுக்கினா அப்படியே உள்ள போய் மாட்டிக்கிட்டு நிக்கும். நிலை என்னன்னு கண்ணு பார்க்க வேண்டியதில்லை, விரலே சொல்லிடும். கம்ப்யூட்டர் கீ அப்படி இல்லை. அமுக்கினதும் மேல வந்துடும். விரல்ல தெரிஞ்சது காணாமப் போச்சு. அந்த இழப்புக்கு ஈடாத்தான் கேப்ஸ் லாக்குக்கு விளக்கு. ஆனா தமிழுக்கு மாறுறதுக்கு? எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் காலத்து அண்ணன்கள் ஆல்ட்டோட ஒரு எண்ணைச் சேர்த்துத் தட்டினாங்க. இப்ப நாம விண்டோஸ் கீயோட ஸ்பேஸைத் தட்டுறோம். விரல்லயும் தெரியாது, விளக்கும் கிடையாது. 'ஏ'யா 'ஆ'வாங்கிற சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசத்துக்கு ஒரு விளக்கு. மொத்த மொழியே மாறுறதுக்கு ஒண்ணும் இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

"திரையில ஓரத்துல மொழி பேர் காட்டுதே, அதைப் பார்த்தா போச்சு"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். திரையைப் பார்த்துத் தட்டுறவங்களுக்கு அது சரி. திரையைப் பார்க்காம தட்டுறவங்க?

எங்க தர்மபுரியில திங்கட்கிழமை காலையில கலெக்டர் ஆபீஸ் பக்கம் போயிருக்கீங்களா? குறைதீர்க்கும் நாள். பென்னாகரம், அரூர், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டின்னு நாலா பக்கமும் இருந்து ஜனங்க மனுவோட பஸ் ஏறி வருவாங்க. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வழிப் பிரச்சினை, தண்ணி பிரச்சினை. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா சின்னதா ஜெராக்ஸ், டைப்பிங் கடை வெச்சிருக்காங்க. தமிழ் டைப்ரைட்டிங்ல லோயர், ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணவங்க. கை மழை மாதிரி கொட்டும். இன்ஸ்டிட்யூட்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்க? மிஷினைப் பார்க்காதே, காகிதத்தைப் பாருன்னு. அவங்க கண்ணு எப்பவும் பக்கத்துல இருக்கிற கையெழுத்துத் தாள்லதான் இருக்கும்.

ஒரு மனுவுல எத்தனை தடவை மொழி மாறும்னு எண்ணிப் பாருங்க. பேரும் விலாசமும் தமிழ்ல. பேங்க் கிளையோட ஐஎஃப்எஸ்சி கோடு ஆங்கிலத்துல. மறுபடி தமிழ். சர்வே நம்பர் உட்பிரிவுல ஆங்கில எழுத்து. மறுபடி தமிழ். மகனோட ஈமெயில் முகவரி. மறுபடி தமிழ். நடுவுல ஒரு தடவை மாத்த விட்டுப் போச்சுன்னா அடுத்த பத்தி மொத்தமும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். நிமிர்ந்து பார்த்து, அழிச்சு, திரும்ப அடிக்கணும். எதிர்ல ஒரு பெரியவர் டோக்கன் போட நேரமாச்சேன்னு நின்னுக்கிட்டு இருப்பார். அவருக்கு ஒரு திங்கட்கிழமை போச்சுன்னா ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போச்சு. மொத்தக் குவியலும் கெட்டுப்போனாலாவது கண்ணுக்குத் தெரியும். சர்வே நம்பர் பக்கத்துல ஒரே ஒரு எழுத்து மாறிப் போய், அப்படியே பிரிண்ட் ஆகிக் கையெழுத்தும் வாங்கிட்டா? அந்த மனு எந்த மேஜைக்குப் போய் எப்படித் திரும்பி வரும்னு நான் சொல்லணுமா?

அந்த அக்கா கடையில ஒரு பழைய மிஷின்ல லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். (எனக்கு லினக்ஸ் முதல்ல அறிமுகம் ஆனது 2011ல தொடங்கின விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல வந்த லேப்டாப் மூலமா. விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எங்க கிளாஸ்ல அதைத் திறந்து பார்த்த ரெண்டு பேர்ல நான் ஒருத்தன்.) அதுல ஸ்க்ரால் லாக் விளக்கைத் தமிழுக்கு மாட்டி விட்டேன். ஒரு மாசம் கழிச்சுப் போனப்ப அக்கா சொன்னாங்க, "தம்பி, இப்பல்லாம் அந்த லைட்டு எரியலைன்னா கை தானா நின்னுடுது." இவ்ளோதாங்க. ஒரு விளக்கோட வேலை இதைவிட வேற என்ன இருக்கு? தாள் கீபோர்டுக்குப் பக்கத்துல இருக்கு. அதனால கண்ணோரத்துல பச்சையா தெரிஞ்சாலே போதும். திரையோட மூலையில இருக்கிற எழுத்து கண்ணோரத்துல தெரியாது.

சரி, எப்படிச் செய்யறது? கட்டளைகளை இங்க தமிழ் எழுத்துலயே தர்றேன். அப்படியே காபி பேஸ்ட் பண்ணிட்டு வேலை செய்யலைன்னு சண்டைக்கு வராதீங்க :-)

சுலபமான வழி முதல்ல. லினக்ஸ்ல எக்ஸ் விண்டோ ஓடுதுன்னா, கீபோர்டு லேஅவுட்டை மாத்துற 'செட்எக்ஸ்கேபிமேப்' கட்டளைக்கு 'ஜிஆர்பி, அடிக்கோடு, லெட், முக்காற்புள்ளி, ஸ்க்ரால்'னு ஒரு ஆப்ஷன் உண்டு. அதைக் கொடுத்தா முதல் லேஅவுட்ல விளக்கு அணைஞ்சிருக்கும், ரெண்டாவதுக்குப் போனா எரியும். கேடிஇ மாதிரி டெஸ்க்டாப்ல செட்டிங்ஸ்லயே டிக் பண்ணிக்கலாம். இன்ஸ்கிரிப்ட்ல தட்டுறவங்களுக்கு இதுவே போதும்.

தமிழ்99காரங்களுக்கும் டைப்ரைட்டர் லேஅவுட்காரங்களுக்கும் இது பத்தாது. தமிழ்99 தானா புள்ளி வைக்கணும்னா வெறும் லேஅவுட்டால முடியாது, ஐபஸ் மாதிரி ஒரு உள்ளீட்டு நிரல் வேணும். ஐபஸ் மொழி மாத்துறது எக்ஸுக்குத் தெரியாது. விளக்கும் மாறாது. இங்கதான் நாம கொஞ்சம் பொட்டி தட்டணும். 'ஐபஸ் எஞ்சின்'னு டெர்மினல்ல தட்டினா இப்ப எந்த மொழி ஓடுதுன்னு பேரைச் சொல்லும். இன்னொரு பக்கம், 2015ல வந்த லினக்ஸ் 4.2ல இருந்து கீபோர்டு விளக்கு ஒவ்வொண்ணும் ஒரு ஃபைல் மாதிரி கிடைக்குது. 'சிஸ்' அடைவுக்குள்ள 'கிளாஸ்', அதுக்குள்ள 'லெட்ஸ்', அதுல ஸ்க்ரால் லாக் பேர்ல ஒரு அடைவு, உள்ள 'பிரைட்னெஸ்'னு ஒரு ஃபைல். அதுல 1 எழுதினா எரியும், 0 எழுதினா அணையும். இந்த ரெண்டையும் ஒரு பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட்ல கோத்து, அரை நொடிக்கு ஒரு தடவை ஓட விட்டா முடிஞ்சது. மொழி மாறலைன்னாலும் ஒவ்வொரு சுத்துக்கும் திரும்ப எழுதுங்க. ஏன்னா நடுவுல கேப்ஸ் லாக்கைத் தட்டினா எக்ஸ் மூணு விளக்கையும் தன் கணக்குப்படி திரும்பப் போட்டுடும், நம்ம விளக்கு அணைஞ்சிடும். அந்த ஃபைல்ல எழுத ரூட் அனுமதி வேணும்ங்கிறதையும் மறந்துடாதீங்க. வேலண்ட்ல 'எக்ஸ்செட்' மாதிரி பழைய கட்டளைகள் பலிக்காது, ஆனா இந்த ஃபைல் வழி அங்கயும் வேலை செய்யும்.

விண்டோஸ்லயும் விளக்குக்கு நேரடியா உத்தரவு போட டிரைவர் அளவுல வழி இருக்கு. ஆனா கட்டளை மாதிரி ஒரு வரியில முடியாது, நிரல் எழுதணும். விண்டோஸ் 10லயே 2019ல தமிழ்99 கூடவே வந்துருச்சு. இந்த ஒரு டிக் பாக்ஸையும் சேர்த்திருந்தா குறைஞ்சா போயிருப்பாங்க?

இப்ப எதிர்வாதத்துக்கு வருவோம்.

ஒண்ணு, "விளக்கை நிரல் கட்டுப்படுத்தினா ஆபத்து இல்லையா?" இருக்கு, மறைக்க மாட்டேன். 2002ல ஜோ லாஃப்ரி, டேவிட் அம்ஃப்ரெஸ் ரெண்டு பேரும் விளக்குகள் வழியா தகவல் கசியறதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, கீபோர்டு விளக்கை வெச்சே தகவல் கடத்த முடியும்னு காட்டினாங்க. 2019ல இஸ்ரேலோட பென்-குரியன் பல்கலைக்கழகத்துல மொர்டெகாய் குரி குழு இன்னும் ஒரு படி மேல போனாங்க. நெட் தொடர்பே இல்லாத கம்ப்யூட்டர்ல இருந்து விளக்கைச் சிமிட்டியே தகவல் எடுத்தாங்க. ஒளி உணரி இருந்தா ஒரு விளக்குக்கு நொடிக்கு 3000 பிட் வரைக்கும், செல்போன் கேமராவா இருந்தா 120 பிட் அளவுக்கும் போச்சு. ஆனா இதுக்கு அந்த மிஷின்குள்ள ஏற்கனவே திருட்டு நிரல் புகுந்திருக்கணும். திருடன் வீட்டுக்குள்ள வந்த பிறகு அவன் ஜன்னல்ல டார்ச் அடிக்கிறானேன்னு கவலைப்படுறதுல அர்த்தம் இல்லை. ராணுவ ஆபீஸ்ல விளக்கு மேல டேப் ஒட்டிக்கட்டும். ஜெராக்ஸ் கடையில வேண்டாம்.

ரெண்டு, "விளக்கு பொய் சொன்னா?" இதுதான் நல்ல கேள்வி. பொய் சொல்ற விளக்கு, இல்லாத விளக்கைவிட மோசம். அதனாலதான் கேப்ஸ் லாக் விளக்கையோ நம் லாக் விளக்கையோ தொடாதீங்கன்னு சொல்றேன். அதை நம்பி பாஸ்வேர்டு தட்டுறவங்க இருக்காங்க. யாரும் நம்பாத விளக்கு ஸ்க்ரால் லாக் ஒண்ணுதான். (ஒரே கீபோர்டுல ரெண்டு மிஷினை ஓட்ட சுவிட்ச் பாக்ஸ் வெச்சிருந்து, ஸ்க்ரால் லாக்கை ரெண்டு தடவை தட்டி மாத்துறவங்களுக்கும் பிரச்சினை இல்லை. நாம எடுக்கிறது விளக்கை மட்டும்தான், கீயை இல்லை.)

மூணு, "மூணு மொழி தட்டினா?" எங்க மாவட்டத்துக்கு இது ரொம்பப் பொருத்தமான கேள்வி. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் போனா தமிழோட தெலுங்கும் கன்னடமும் காதுல விழும். வேலைக்கோ பாதிப் பேர் பெங்களூருக்கு ஓடுறோம். ஒத்தை விளக்கால "ஆங்கிலம் இல்லை"ன்னு மட்டும்தான் சொல்ல முடியும், எந்த மொழின்னு சொல்ல முடியாது. கன்னடத்துக்கு விளக்கை விட்டு விட்டு எரிய வைக்கலாம். நான் அப்படித்தான் வெச்சிருக்கேன். நச்சுன்னு இருக்கு.

நாலாவது யாரும் கேட்காதது, நானே சொல்றேன். பார்வை இல்லாதவங்களுக்கு இந்த விளக்கால பயன் இல்லை. அவங்களுக்கு மொழி மாறும்போது ஒரு சத்தம் வேணும். அதையும் சேர்த்தே கேட்கணும்.

எனக்கு இருக்கிற உண்மையான கவலை வேற. நாம கேட்கிறதுக்குள்ள விளக்கே இல்லாம போயிடும் போல இருக்கு. லேப்டாப்ல ஸ்க்ரால் லாக் விளக்கு பெரும்பாலும் காணோம். வயர்லெஸ் கீபோர்டு பலதுல பேட்டரியை மிச்சப்படுத்த கேப்ஸ் லாக் விளக்கையே எடுத்துட்டாங்க. ஒரே மொழியில தட்டுறவங்க ஊர்ல உட்கார்ந்து, "இது யாருக்கு வேணும்?"னு அவங்களே கேட்டு, "யாருக்கும் வேண்டாம்"னு அவங்களே பதிலும் சொல்லி, எடுத்துட்டாங்க. நமக்கு வேணும்னு நாம சொல்லவே இல்லையே!

அதனால மூணு பேர்கிட்ட மூணு வேண்டுகோள். தமிழ் உள்ளீட்டு மென்பொருள் எழுதுற புண்ணியவான்களே, "தமிழ்னா ஸ்க்ரால் லாக் விளக்கைப் போடு"ன்னு ஒரு டிக் பாக்ஸ் வெச்சுடுங்க. ஒரு சாயங்கால வேலைதான். தமிழ் எழுத்து அச்சடிச்ச கீபோர்டு விக்கிறவங்களே, கீ மேல 'அ'வும் 'க'வும் போடுறதோட நிறுத்தாம, அந்த மூணாவது விளக்குக்குப் பக்கத்துல ஒரு 'த' போடுங்க. அரசாங்கமே, எந்த கீயில எந்த எழுத்துன்னு 1999லயே தமிழ்99ஐத் தரப்படுத்தினீங்க, பெரிய விஷயம். அடுத்த தடவை ஆபீஸுக்குக் கீபோர்டு மொத்தமா வாங்கும்போது, விளக்கு இருக்கிறதாப் பார்த்து வாங்குங்க. திங்கட்கிழமை மனு உங்ககிட்டதானே வரப் போகுது? தப்பில்லாம வந்தா உங்களுக்கும் வேலை மிச்சம்.

வலைப்பதிவு மக்களே, உங்ககிட்ட ஒரே ஒரு வேலை. இன்னைக்கு உங்க கீபோர்டுல அந்த மூணாவது விளக்கு இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு வாரம் தமிழுக்குக் கொடுத்துப் பாருங்க. பிடிக்கலைன்னா திரும்ப ஸ்க்ரால் லாக்குக்கே கொடுத்துடலாம், அது எங்கயும் ஓடிப் போயிடாது.

டிஸ்கி 1: பத்து வரி ஸ்கிரிப்ட் வேணும்ங்கிறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, ஆங்கில எழுத்துலயே அனுப்பி வைக்கிறேன்.

டிஸ்கி 2: பதிவு முழுக்க விளக்கு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. ஒரு வரிகூட திரும்ப அடிக்கலை :-)